எண்ணத்தில் ஓடிய ஆறு
வருங்காலத்தை வடிவமைத்துக் காணும் முறை பற்றிய ஓர் ஆராய்வு

மனிதனுக்கும் ஏனைய உயிர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை எண்ணுவோர் மொழியை முதலிலும் கருவியை அடுத்தும் வைப்பது வழக்கம். இவ்விரண்டுக்கும் அடிநிலையாக வேறோர் ஆற்றல் உண்டு. இல்லாத ஒன்றை உள்ளது போல மனக்கண் முன் நிறுத்தி, அதனைச் சுற்றி வந்து பார்க்கும் ஆற்றலே அது. யாழ்ப்பாணத்துக் குடியானவன் வேலியோரத்திற் பனங்கொட்டையைப் புதைக்கும்போது, அது பாளை தள்ளுதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும் என்பதை நன்கறிவான். அம்மரத்தில் நுங்கு வெட்டப்போகும் பேரன் அன்று பிறந்தே இரான். ஆயினும் அப்பேரனையும் அவனுக்கு நிழல் தரப்போகும் வடலியையும் எண்ணத்திற் கண்ட பின்னரே குடியானவன் மண்வெட்டியைக் கையில் எடுக்கின்றான். நாகரிகம் என்று சொல்லப்படுவனவற்றுட் பெரும்பாலன இவ்வாறு எண்ணத்தில் முன்னர்த் தோன்றி மண்ணிற் பின்னர் எழுந்தனவே.

இவ்வியல்பான ஆற்றல் அண்மைக் காலத்தில் ஒரு பயிற்சித் துறையாக வளர்ந்துள்ளது. இலண்டன் அரச கலைக் கல்லூரியிற் கற்பித்த அந்தனி டன், பியோனா ராபி என்னும் இருவர் 2013ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதன் பின்னர் இத்துறை உலகெங்கும் பேசப்படலாயிற்று. இதனைத் தமிழில் ஊக வடிவமைப்பு எனலாம். பாலம் கட்டுகின்ற பொறியியலாளன் அப்பாலம் எவ்வாறு நிற்கும் என்பதை வரைகின்றான். ஊக வடிவமைப்பாளனோ அப்பாலம் எழுந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் அதன்மேல் நடப்போர் யார், முன்பு தோணி விட்டவன் குடும்பம் எங்கே போயிற்று, அக்கரைச் சந்தை என்னவாயிற்று என்றெல்லாம் கேட்டு, அவற்றின் விடைகளை ஒரு படமாகவோ, பொருளாகவோ, அவ்வாண்டுப் பத்திரிகையின் ஒரு பக்கமாகவோ செய்து காட்டுகின்றான். காண்போர் அதனை முன்வைத்து, இவ்வாறு நிகழ்தல் வேண்டுமா, வேண்டாவா என்று வழக்காடுதலே அவன் விரும்பும் பயன்.

இது சோதிடம் அன்று. சோதிடன் வருவது ஒன்றே என்கின்றான். ஊகஞ் செய்வோன் வரக்கூடியன பல என்கின்றான். வருங்காலத்தை ஆராய்வோர் இப்பலவற்றையும் ஒரு கூம்பின் வடிவிற் காட்டுவர். கூம்பின் முனை இன்றைய நாள். காலம் செல்லச் செல்ல அது விரிகின்றது. அதன் நடுவே, உள்ளது உள்ளபடி சென்றாற் பெரும்பாலும் நிகழப்போவது கிடக்கின்றது. அதனைச் சூழ, தக்க ஏது வாய்ப்பின் நிகழத்தக்கது கிடக்கின்றது. அதற்கும் புறத்தே, இயற்கை விதிக்கு மாறாகாமல் எங்ஙனமேனும் நிகழக்கூடியது கிடக்கின்றது. மக்கள் விரும்பும் எதிர்காலம் இம்மூன்று வட்டங்களுள் எதில் உள்ளது என்று காண்பதே ஆராய்ச்சியின் நோக்கம். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் திட்டப் பகுதியினர், எண்ணெய் விலை திடீரென உயர்ந்தால் யாது செய்வது என்பதைக் கதையாகப் புனைந்து பார்த்திருந்தனர். 1973ஆம் ஆண்டின் இறுதியில் விலை உண்மையாகவே பன்மடங்கு ஏறியது. அந்நாளை அவர்கள் குறித்துச் சொன்னாரல்லர். ஆயினும் அந்நிலையை ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருந்தமையால் ஏனையோரினும் குறைவாகவே திகைத்தனர்.

இவையெல்லாம் மேனாட்டார் கண்டவை, இந்நாட்டுக்கு அவற்றால் ஆவதென்ன என்று வினவுவோர் இருத்தல் கூடும். அவர்கட்கு விடையாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒரு சான்று உளது. ஆறே இல்லாத நிலத்தில் ஓர் ஆற்றை எண்ணத்திற் கண்டு, அளந்து, வரைந்து, ஒரு பகுதியை மண்ணிலும் எழுப்பிய வரலாறு அது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெயரால் அறியப்படுவது அத்திட்டமே. அதன் வெற்றியும் தோல்வியும், வருங்காலத்தை எங்ஙனம் கற்பனை செய்தல் வேண்டும் என்பதற்குச் சிறந்த பாடமாகும்.

திட்டத்தை அறிதற்கு முன் நிலத்தை அறிதல் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புடைய குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்து வழுக்கையாறும் மாரிக்காலத்தில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். அடியில் உள்ளது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல். மழைநீரின் ஒரு பகுதி அதனூடே இறங்குகின்றது. எஞ்சியது தரவைகளின் வழியே கடனீரேரியிற் புகுந்து கடலைச் சேர்கின்றது.

இறங்கிய நீர் பாறையின் அடியிற் பெருங்குளம்போற் கிடக்கின்றது என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. நாற்புறமும் கடல் சூழ்ந்தமையால் பாறையின் ஆழத்தில் உவர்நீர் நிறைந்துள்ளது. அதனிலும் கனம் குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளரான கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டில் செருமானியரான எர்சுபேர்க் என்பவரும் இதற்குரிய கணக்கைக் கண்டனர். கிணற்று நீரின் மட்டம் கடல் மட்டத்தினும் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் உண்டு. இக்கணக்கின் மறுபுறமே அஞ்சத்தக்கது. இறைப்பு மிகுந்து மேல்மட்டம் நிலையாக ஓரடி தாழ்ந்துவிடின், காலப்போக்கிற் கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அடி மேலெழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லையாய் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை போயிற்று.

கோப்பாயின் இருப்பு இவ்வகையிற் கருதத்தக்கது. மேற்கே வலிகாமத்துச் செம்மண்ணும், புகையிலையும் வாழையும் மரக்கறியும் விளையும் தோட்டங்களும் உள. வடக்கே வாழைக்குப் பெயர்போன நீர்வேலி உளது. கிழக்கே சென்றால் நிலம் தாழ்ந்து வயலாகி, வயல் தரவையாகி, தரவை உப்பாற்றுக் கடனீரேரியில் முடிகின்றது. கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதி இக்கடனீரேரியைக் கடந்தே தென்மராட்சியை அடைகின்றது. ஆகவே நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே நடைபெறும் போரின் எல்லைக்கோடு இவ்வூரின் ஊடே செல்கின்றது எனல் மிகையாகாது.

உப்பாற்றுக் கடனீரேரி தெற்கே நாவற்குழி, அரியாலைப் பக்கத்திற் கடலோடு தொடர்புடையது. வடமராட்சிக் கடனீரேரி வடக்கே தொண்டைமானாற்றிற் கடலோடு கலப்பது. இத்தொண்டைமானாறு சோழர் தளபதியாகிய கருணாகரத் தொண்டைமானால் உப்பு ஏற்றுமதிக்காக வெட்டுவிக்கப்பட்டது என்பது கர்ணபரம்பரை. இதனை வரலாறாகக் கொள்ளினும் கொள்ளாவிடினும் ஒன்று தெளிவு. நீர்வழியை மனிதன் தன் எண்ணப்படி திருத்தலாம் என்னும் கருத்து இந்நிலத்துக்குப் புதிதன்று. குடாநாட்டின் அடிப்பாகத்தில், வன்னிப் பெருநிலத்தை ஒட்டி, மேற்கே ஆனையிறவு முதற் கிழக்கே சுண்டிக்குளம் வரை மூன்றாவது கடனீரேரி கிடக்கின்றது. வன்னிக் காட்டிலிருந்து வரும் கனகராயன் ஆறு முதலியன இதிலேயே விழுகின்றன. மாரியில் வந்து நிறையும் அந்நன்னீர் இரு வாயிலாலும் கடலுக்குச் சென்றுவிடும்.

கடனீரேரிகளை நன்னீராக்கலாம் என்னும் எண்ணம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே அவ்வப்போது தலைகாட்டியதுண்டு. அதனை ஒரு முழு உருவமாகக் கண்டவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளராய் விளங்கிய சண்முகம் ஆறுமுகம் ஆவார். இலங்கையின் நீர்வளங்களைத் தொகுத்துரைக்கும் அவரது ஆங்கில நூல் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறில்லாத நாட்டுக்கு ஆறு வகுத்தவரின் பெயர் ஆறுமுகம் ஆனமை இனியதொரு பொருத்தமே. 1950ஆம் ஆண்டுகளில் அவர் முன்வைத்த திட்டம் நான்கு உறுப்புகளை உடையது. ஆனையிறவுக் கடனீரேரியின் மேற்கு வாயிலையும் கிழக்கே சுண்டிக்குளத்து வாயிலையும் அணையால் அடைத்து, வன்னி நீரை உள்ளே தேக்குதல் முதலாவது. அந்நீரை முள்ளியானிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமுள்ள வாய்க்காலால் வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லுதல் இரண்டாவது. தொண்டைமானாற்றிற் கதவுடைய தடுப்பணை அமைத்தல் மூன்றாவது. உப்பாற்றின் தென்வாயிலில், அரியாலைப் பக்கத்தில், அவ்வாறே தடுப்பணை அமைத்தல் நான்காவது. இவை நிறைவேறின், வன்னியிற் பெய்த மழை ஆனையிறவைக் கடந்து, வடமராட்சியினூடே சென்று, உப்பாற்றில் இறங்கிக் கோப்பாய் வயலோரத்தை வந்து தொடும். மூன்று கடனீரேரிகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அந்நீர்த்தொடரே யாழ்ப்பாணத்தின் ஆறு.

இதன் நுட்பம் எளிமையில் உள்ளது. மலையைக் குடையவோ புதிதாகப் பெருங்குளம் தோண்டவோ அத்திட்டம் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த பள்ளங்களைக் கடலின் பகுதி என்று எல்லாரும் கண்ட இடத்தில், ஆற்றின் பகுதி என்று ஒருவர் கண்டார். முதல் மாரியில் நிறையும் நீர் மண்ணிலுள்ள உப்பைக் கரைக்கும். கதவைத் திறந்து அவ்வுவர்நீரைக் கடலிற் போக்கிவிட்டு, மாரியின் கடைநீரைத் தேக்குதல் வேண்டும். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஆண்டுக்காண்டு உப்புக் குறைந்து, நீர் இனிக்கும். இனித்த நீர் சுண்ணக்கல்லினுட் கசிந்து நன்னீர் வில்லையைத் தடிப்பாக்கும். ஆற்றுநீரை நேரே அள்ளிக் குடித்தலினும் அதனருகேயுள்ள கிணறுகளைக் காத்தலே இதன் பெரும்பயன். உப்பாற்றின் கரையில் உயர்ந்து நிற்கும் ஒவ்வோரடி நன்னீரும் கோப்பாய்க் கிணறுகளின் அடியிலுள்ள உவரை அழுத்திப் பிடிக்கும் பாரமாகும்.

இனி, நிகழ்ந்தது யாதெனக் காண்போம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் 1950ஆம் ஆண்டுகளில் அமைந்தன. அவை நன்கு இயங்கிய ஆண்டுகளிற் கடனீரேரியை அடுத்த கிணறுகள் சிலவற்றில் உவர் குறைந்தமை குறிக்கப்பட்டுள்ளது. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் அணை வேலைகள் நடந்தன. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் 1960ஆம் ஆண்டுகளில் வெட்டத் தொடங்கப்பெற்று, பெரும்பகுதி முடிந்த நிலையிற் பணமின்மையால் நின்றுவிட்டது. தடுப்பணைகளின் மரக்கதவுகள் உளுத்தன. பேணுவார் இன்மையாற் கடல்நீர் மீண்டும் உட்புகுந்தது. பின்னர் வந்த நீண்ட போரில் ஆனையிறவே போர்க்களமாயிற்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் தடுப்பணைகளைச் சீர்செய்யும் வேலைகள் நடைபெற்றன. ஆயினும் நான்கு உறுப்புகளும் ஒருங்கே இயங்கும் நாளை அத்திட்டம் இதுவரை கண்டதில்லை.

இத்தோல்விக்குக் காரணம் பணமின்மையும் போருமே என்று கூறி அமைதல் எளிது. அவை காரணங்களே, ஐயமில்லை. ஆயின் கதவு உளுத்தது போர் தொடங்குவதற்கு முன்னரேயாம். கதவைக் கட்டுதற்குக் கிடைத்த பணம் அதனைப் பேணுதற்குக் கிடையாமற் போனமை ஏன் என்ற வினா எஞ்சுகின்றது. ஊக வடிவமைப்பு என்னும் துறை பயன்படும் இடம் இதுவே. பொறியியற் படத்தில் நீர் இருந்தது, அணை இருந்தது, மட்டம் இருந்தது, மனிதர் இருந்திலர்.

கடனீரேரியில் இறால் பிடித்து வாழ்ந்தவர் படத்தில் இல்லை. இறாற் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்கு மீள்வது. கதவு அடைபட்டால் அவ்வழி அடைபடும். தோட்டக்காரனுக்கு நல்லதாகிய அதே அடைப்பு மீனவனுக்கு வயிற்றிலடிப்பாகும். கதவின் சாவி யார் கையில் இருக்கும், அதனை எந்த நாளில் யாருடைய சொற்படி திறப்பது என்பது அணையின் உயரத்தைப் போலவே முன்கூட்டித் தீர்க்கப்பட வேண்டிய கணக்காகும். ஆனையிறவு உப்பளம் கடல்நீரை நம்பியது. நன்னீர் ஏரிக்கும் அதற்கும் எல்லை எங்கே? சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகிய பறவைகளின் உறைவிடம். நீரின் தன்மை மாறும்போது அங்கு வந்து தங்கும் பறவைகளுக்கு நேர்வது யாது? வன்னி நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும்போது வன்னி உழவனின் உடன்பாடு எங்கே? இவற்றுள் ஒன்றேனும் விடையற்ற வினா அன்று. ஆனால் அணை எழுந்த பின்னர் கேட்கப்படின் அவை பகையாகும். வரைபடம் மேசைமேல் இருக்கும்போதே கேட்கப்படின் அவை திருத்தமாகும்.

இவ்வேறுபாட்டை ஒல்லாந்தர் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அந்நாட்டின் நடுவே சோய்டர்சே என்னும் உட்கடல் இருந்தது. அதனை நெடிய அணையால் அடைத்தல் வேண்டுமென்று கொர்ணேலிசு லேலி என்ற பொறியியலாளர் 1891ஆம் ஆண்டிற் திட்டம் வகுத்தார். பலர் அதனைக் கனவென்றே ஒதுக்கினர். 1916ஆம் ஆண்டிற் பெருவெள்ளம் வந்து அழிவு செய்தபின் மக்கள் மனம் மாறியது. 1918ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேறியது. அடைப்பினால் அயற்கடலின் வற்றுப்பெருக்கு எவ்வாறு மாறும் என்பதைக் கணக்கிடுதற்கு நோபெற் பரிசு பெற்ற பௌதிகவியலறிஞர் இலோரன்சு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு எட்டாண்டுகள் உழைத்தது. அடைப்பினால் தொழில் இழக்கவிருந்த மீனவருக்கு உதவும் சட்டம், அணை முடிவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1925ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1932ஆம் ஆண்டில் 32 கிலோமீற்றர் நீளமுள்ள அணை முற்றுப்பெற்றது. சில ஆண்டுகளில் உட்கடல் நன்னீர் ஏரியாக மாறியது. யாழ்ப்பாணத்துக்கு எண்ணப்பட்ட அதே மாற்றம், பன்மடங்கு பெரிய அளவில், அங்கே நிகழ்ந்துவிட்டது. ஆகவே ஆறுமுகத்தின் எண்ணம் இயற்கைக்கு மாறுபட்டதன்று என்பது துணிபு.

ஒல்லாந்தர் அதனோடு நின்றாரல்லர். பின்னாளில் ஊசுட்டர்செல்டு என்னும் கடல்வாயையும் முற்றாக அடைக்கத் திட்டமிட்டபோது, ஆளியும் சிப்பியும் வளர்ப்போரும் இயற்கையைப் பேணுவோரும் எதிர்த்தனர். முற்றடைப்புக் கைவிடப்பட்டு, சாதாரண நாட்களிற் திறந்தும் புயற்காலத்தில் மட்டும் மூடியும் இயங்கும் கதவணை 1986ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. செலவு மிகுந்தது; ஆயின் கடலும் மீனும் தொழிலும் எஞ்சின. ஒரே நாட்டார் ஒரே நூற்றாண்டில், ஒருமுறை கடலை அடைத்ததும் மறுமுறை கதவு வைத்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எண்ணிய எதிர்காலத்தில் யார் யார் வாழ்வர் என்று இரண்டாம் முறை இன்னும் விரிவாக எண்ணினர் என்பதே உண்மை.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா இன்று முன்னையினும் நெருக்கமானது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், உரமும் மலக்குழிக் கசிவும் காரணமாக, நைத்திரேற்றின் அளவு மிகுந்துள்ளமை 1980ஆம் ஆண்டுகள் முதல் நடைபெற்ற ஆய்வுகளால் அறியப்பட்டது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமே எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் விதித்த அளவையும் சில கிணறுகள் கடந்துள்ளன. 2010ஆம் ஆண்டையடுத்து, இரணைமடுக் குளத்து நீரைக் குழாய்வழி குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். முன்னர் கூறிய உடன்பாடு பற்றிய வினாவே மீண்டும் வந்து நின்றது. இறுதியில் அரசு கடலை நாடியது. வடமராட்சி கிழக்கிலே, தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உவர்நீக்கித் தரும் நிலையம் 2024ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. குடிநீருக்கு இது பெரும் உதவி. ஆயினும் குழாய்நீர் வீட்டுக்கு வருவதனால் தோட்டக் கிணற்றின் உவர் இறங்கிவிடாது. நிலத்தடி வில்லையின் கணக்கும் மாறிவிடாது.

இந்நிலையில் கோப்பாயின் கிழக்கெல்லையிலுள்ள தோட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொண்டு, 2060ஆம் ஆண்டின் ஆவணி மாதத்து நாளொன்றில் அதன் நிலையை ஊகித்துக் காணலாம்.

முதலாவது ஊகம், இன்று நடப்பது அவ்வாறே நடந்தால் நிகழ்வது. கிணற்றுக்கு மூடி போடப்பட்டுள்ளது. குடிநீர் குழாயில் வருகின்றது; மாதந்தோறும் அதற்குக் கட்டணம் உண்டு. தோட்டம் வீட்டுக்காணியாகிவிட்டது. வேலியோரத்து வாழை உவரேறிக் கருகியபின் எவரும் புதுக்குட்டி வைக்கவில்லை. சிறுவன் ஒருவன் மூடியின்மேல் இருந்து, அதனுள் என்ன இருக்கின்றது என்று பாட்டனைக் கேட்கின்றான்.

இரண்டாவது ஊகம், ஆறு முற்றுப்பெற்றால் நிகழ்வது. கிணற்று நீர் இனிக்கின்றது. தரவையின் ஒரு பகுதி வயலாகியுள்ளது. ஆனால் உப்பாற்றங்கரை மீனவன் தன் வலையை விற்று நகரத்துக்குப் போய்விட்டான். கடலுணவு விலையேறிவிட்டது. வன்னியில் மழை பொய்த்த ஆண்டுகளில், நீரை எங்கே நிறுத்துவது என்று இரு மாவட்டத்தாரும் நீதிமன்றத்தில் நிற்கின்றனர்.

மூன்றாவது ஊகம் சற்றே வேறுபட்டது. ஊர்க் குளங்களும் கேணிகளும் துரவுகளும் தூர்வாரப்பட்டு, ஒவ்வொரு கூரையின் மழைநீரும் நிலத்துள் இறக்கப்படுகின்றது. தடுப்பணைக் கதவுகள் மாரியின் கடைநீரைத் தேக்குதற்கு மட்டும் மூடப்பட்டு, இறாற் குஞ்சு வரும் பருவத்திற் திறக்கப்படுகின்றன. எந்த நாளில் திறப்பது என்பதைத் தோட்டக்காரரும் மீனவரும் கலந்த சபை முடிவுசெய்கின்றது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கிணற்றின் மட்டமும் உவரும் மாதந்தோறும் அளந்து எழுதப்படுகின்றன. இறைப்புக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அதனாற் தோட்டக்காரனுக்குப் போகம் ஒன்று குறைந்தது, முணுமுணுக்கின்றான். கிணறு இருக்கின்றது.

இம்மூன்றுள் ஒன்றுகூட முழு இன்பமோ முழுத் துன்பமோ அன்று. ஊகம் நேர்மையுடையதாயின் அங்ஙனமே அமையும். இழப்பே இல்லாத எதிர்காலத்தை ஒருவர் வரைந்து காட்டினால், அதில் இழப்பவர் படத்துக்கு வெளியே நிற்கின்றார் என்று ஐயுறுதல் வேண்டும். இதனாற் பெறப்படும் விதிகள் மூன்று எனலாம். எண்ணிய எதிர்காலத்துக்கு அளவு இருத்தல் வேண்டும். ஆறுமுகத்தின் திட்டம் இதிற் சிறந்து விளங்கியது. அதிற் பெறுபவரும் இழப்பவரும் ஒருங்கே காட்டப்படல் வேண்டும்; ஒல்லாந்தர் சட்டம் இதற்கு வழிகாட்டி. திறப்பு விழா நாளோடு நில்லாது, அதன் முப்பதாம் ஆண்டும் எண்ணப்படல் வேண்டும். உளுத்துப்போன மரக்கதவு இதற்குச் சாட்சி. கட்டுவது எவ்வாறு என்பதோடு, காப்பது யார் என்பதும் வடிவமைப்பின் பகுதியே.

இதனை மாணவர் பயிலுதல் அரிதன்று. சமூகக்கல்வி வகுப்பில் ஒரு குழுவினர் தோட்டக்காரராகவும், ஒரு குழுவினர் மீனவராகவும், ஒரு குழுவினர் வன்னி உழவராகவும் நின்று, 2060ஆம் ஆண்டுப் பத்திரிகையின் முதற்பக்கத்தைத் தத்தம் பார்வையில் எழுதலாம். கயிறும் கல்லும் கொண்டு பாடசாலைக் கிணற்றின் மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளந்து, அவ்வேறுபாட்டை நாற்பதாற் பெருக்கிப் பார்க்கலாம். இவ்விரண்டையும் செய்த மாணவன் நிலத்தடி நீரைப்பற்றிப் பாடநூல் தருவதினும் கூடுதலாக அறிவான். தன் ஊரின் எதிர்காலம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ முடிவாகி வருவது என்ற எண்ணமும் அவனிடம் தளரும்.

யாழ்ப்பாணத்தின் ஆறு இன்னும் வரைபடத்திலேயே ஓடுகின்றது. அதனைக் கனவென்று இகழ்தலும் கைவந்ததென்று புகழ்தலும் ஒருங்கே பிழை. வேண்டுவது அப்படத்தை மீண்டும் விரித்து, எழுபது ஆண்டுகட்கு முன் விடுபட்ட மனிதரை அதில் வரைந்து சேர்த்தலேயாம். அவ்வாறு திருத்திய படம் எந்த வடிவில் முடிந்தாலும், பெரிய ஆறாகவோ, நூறு சிறு குளங்களாகவோ, இரண்டும் கலந்ததாகவோ அமைந்தாலும், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள கதவுகள் பேணப்படுதல் எல்லாவற்றுக்கும் முற்பட்ட தேவையாகும். அக்கதவுகளைக் காக்கும் பொறுப்பு எவரிடம் உளது, அவற்றைத் திறக்கும் நாளை முடிவுசெய்வோர் யார் என்ற வினாவைக் கோப்பாய், கைதடி, நீர்வேலி ஊர்மக்கள் அடுத்த மாரிக்கு முன் கேட்கத் தொடங்குவாராயின், எதிர்காலத்தை வடிவமைக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.